இரண்டாவது அழுகை

கிழக்குத் தாம்பரம்
12 செப்டம்பர் 2024, வியாழன்

அன்புள்ள ஜெரூஷாவுக்கு, எப்சி அக்கா எழுதுகிறேன். ஸ்தோத்திரம்.

நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய் என்று ஜெஃப்ரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை முப்பது தடவையாவது அடித்திருப்பேன், நெட்வொர்க் சரியில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே. என் குரலைக் கேட்க உனக்குப் பிடிக்கவில்லை. சரி. நான் சமைத்ததையாவது சாப்பிடு. உன் புருஷன் சாப்பாட்டுப் பையோடு ரயில் ஏறும்போது இந்தக் காகிதத்தையும் அதில் வைத்து அனுப்புகிறேன். படிக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறான். சின்ன வயதிலிருந்து நான் வளர்த்த தம்பி, அந்த அளவுக்கு நம்பலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தைக்கு வலிப்பு வந்தபோது நான் கேட்டதை நானே நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன். "கீழ போட்டியா? யார் கையில இருந்தான்?" என்று மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். முப்பத்தேழு நாள் குழந்தை, உச்சிக்குழி புடைத்திருந்தது, முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருப்பவள், அதனால் பதறிக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது நாத்தனார் குரல்தான், எனக்கே தெரியும். மன்னித்துக்கொள்.

ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கனகவல்லி குழந்தையைக் குளிப்பாட்டும் விதம் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. காலில் போட்டுத் தலையை அமுக்கி உருட்டுவதும், இரண்டு பாதத்தையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும். "எத்தினி கொயந்தைக்கு ஊத்திக்கிறேன், எனக்கே சொல்றியா" என்று என் வாயை அடைத்தாள். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறது என்றால் சும்மா கசியுமா?

ரத்தம் உறையவில்லை என்று டாக்டர் சொன்னதாகவும் ஜெஃப்ரி சொன்னான். அதற்கான வைட்டமின் கே ஊசியை, பிறந்த அன்றைக்கே மாடம்பாக்கத்தில் எங்கள் நர்சிங் ஹோமில் நானே போட்டிருக்கிறேன். கேட்டால் தைரியமாகச் சொல்.

சுறாப்புட்டு வைத்திருக்கிறேன். பால் வற்றவிடாதே. அவன் எழுந்ததும் கேட்பான்.

எப்சி அக்கா

*

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு
13.9.24

எப்சி அக்காவுக்கு,

சாப்பாடு வந்தது. சாப்பிட்டேன். பாலுக்காகச் சாப்பிட்டேன்.

பேச வேண்டாம் என்பது என் முடிவு. நீங்கள் எழுதியதற்குப் பதில் மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடமிருந்து எனக்கு ஒரு காகிதம் வேண்டும்.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன், உங்கள் தம்பி பாதியை மாற்றிச் சொல்லியிருப்பார். ஸ்கேனில் மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இடது பக்கம் ரத்தம் தேங்கியிருக்கிறது. அது மூளையை வலது பக்கமாகத் தள்ளுகிறது. சாதாரணமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் உறைய வேண்டிய ரத்தம் இவனுக்கு இரண்டு நிமிஷம் பார்த்தும் உறையவில்லை. நான் கணக்கு டீச்சர், எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டாம். வைட்டமின் கே-யை நரம்பு வழியாகக் கொடுத்தார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து எடுத்ததில் பதினைந்து விநாடி. உறைதல் சரியாகிவிட்டது, தேங்கிய ரத்தம்தான் அப்படியே இருக்கிறது. வலிப்பு நேற்று இரண்டு தடவை.

கட்டிலில் 'பேபி ஆஃப் ஜெரூஷா' என்று எழுதிய அட்டை தொங்குகிறது. அவன் கண் திறக்கவில்லை.

டாக்டர் ஸ்ரீரங்கன் என்பவர் பார்க்கிறார். பிறந்தபோது ஊசி போட்டார்களா என்று மூன்று தடவை கேட்டார். போட்டார்கள், என் நாத்தனார்தான் போட்டார் என்றேன். "போட்டிருந்தா இப்படி வரது ரொம்ப அபூர்வம்மா. கேஸ் ஷீட் ஜெராக்ஸ் கொண்டாங்க" என்றார். அதை அனுப்புங்கள்.

போன சனிக்கிழமை அவன் மூக்கிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. உங்களிடம்தான் காட்டினேன். "சளி காஞ்சி வந்திருக்கும், பயந்து சாகாதே" என்றீர்கள். அது ஏழாம் தேதி. வலிப்பு பத்தாம் தேதி. நடுவில் மூன்று நாள் இருந்தது. கீழே போட்டது நானா என்று கேட்டீர்களே, அதனால் எழுதுகிறேன்.

ஜெரூஷா

*

தாம்பரம்
14 செப்டம்பர், சனி

ஜெரூஷா,

ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்: 'வைட்டமின் கே ஊசி, ஒரு மில்லிகிராம், வலது தொடை, காலை 9.10', பக்கத்தில் என் கையெழுத்து. எங்கள் ஷீட்டில் எழுதியிருக்கிறது என்றால் போட்டாயிற்று என்று அர்த்தம். எழுதியிருக்கிறேன், ஆகவே போட்டிருக்கிறேன். இதற்கு மேல் அந்த டாக்டருக்கு என்ன வேண்டுமாம்?

மூக்கில் வந்த ரத்தம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் ஜெஃப்ரி கம்பெனி பஸ்ஸில் படப்பையிலிருந்து வந்தவன் வீட்டுக்கு வரவில்லை, நேராகக் கனகவல்லி தெருவுக்குப் போய்விட்டான். குழாயடியில் எல்லாரும் தண்ணீருக்கு நிற்கும்போது, "என் புள்ளைய கொன்னுட்டியேடி" என்று கத்தியிருக்கிறான். கொன்னுட்டியே என்ற வார்த்தை அவன் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். இன்றைக்குக் காலையில் அவளுக்கு மூன்று வீடு நின்றுபோயிற்று. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். அப்பா, "சரியான பாடம்" என்றார்.

எனக்கு வேலையில் கை ஓடவில்லை. நேற்று ஒரு தாய்க்கு பி.பி. பார்த்துவிட்டு என்ன எண் என்று மறந்து மறுபடி பார்த்தேன். அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

எப்சி

*

16.9.24, திங்கள்

எப்சி அக்காவுக்கு,

நேற்று ஆபரேஷன் நடந்தது. தேங்கிய ரத்தம் தானாகக் கரைகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்கள், கரையவில்லை. மண்டை ஓட்டில் சின்ன ஓட்டை போட்டு, தேங்கியதை வடித்துவிட்டு, ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள், பத்தே முக்காலுக்கு வெளியே வந்தான். தலை பாதி மொட்டை. எண்ணெய் வைத்து வைத்து நான் வளர்த்த முடி. அதற்காக அழுதேன், மற்ற எதற்கும் அழ வரவில்லை.

பிழைத்துவிடுவான் என்கிறார்கள். எப்படிப் பிழைப்பான் என்று கேட்டால் இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.

இங்கே போலீஸ் அவுட்போஸ்ட்டிலிருந்து ஒருவர் வந்தார். கைக்குழந்தைக்கு மூளையில் ரத்தம் என்றால் அடிபட்டதா என்று கேட்பது அவர்கள் வழக்கமாம். யார் குளிப்பாட்டினார்கள், யார் தூக்கினார்கள், வீட்டில் சண்டை உண்டா என்று ஒரு மணி நேரம் கேட்டார். கனகவல்லி பெயரையும் எழுதிக்கொண்டார். நாளை அவளைக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. தினமும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவள் தலையை ஒரு நாளும் அழுத்தவில்லை. அதைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி இல்லை.

உங்கள் ஜெராக்ஸை டாக்டர் ஸ்ரீரங்கன் பார்த்தார். ஊசி போட்டும் இப்படி வந்திருந்தால் உடம்பு வைட்டமினை எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமாம், அப்படியென்றால் ஈரலில் கோளாறு தேட வேண்டுமாம். இரண்டு நாளாகக் குத்திக் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். அதிலும் தெளிவாகவில்லை என்றால் வெள்ளிக்கிழமை ஈரலுக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். தலையில் ஒரு குழாயோடு கிடப்பவனுக்கு.

ஒன்று கேட்க வேண்டும். ஆபரேஷன் முடியும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் பிறந்த காலையை நிமிஷம் நிமிஷமாக நினைத்துப் பார்த்தேன். தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் தலையைத் திருப்பி உங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிறந்து அழுதான். அதைக் கேட்டேன். அப்புறம் நீங்கள் அவன் வாயில் தேன் வைத்தீர்கள், சிரித்தீர்கள். மாமா உள்ளே வந்து ஜெபம் பண்ணினார். போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம் என்னை வார்டுக்கு மாற்றி, அவனை என் பக்கத்தில் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டபோது எப்படிக் கத்தினான் என்று எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. முதல் நாள் தொடையில் ஊசி போட்டிருந்தால் அதே மாதிரி கத்தியிருக்க வேண்டுமே? அந்த இரண்டாவது அழுகை எனக்கு ஞாபகமே இல்லை.

அவன் அழுதானா?

ஜெரூஷா

*

தாம்பரம்
17 செப்டம்பர், செவ்வாய்

ஜெரூஷா,

அழவில்லை. நான் ஊசி போடவில்லை.

இனி எழுதுவதையெல்லாம் நீ படிக்காமல் கிழித்தாலும் சரி, எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குழந்தை தலை வெளியே தெரியும்போதே ஷீட்டை நிரப்பிவிடுவோம். எடையைத் தவிர, தொப்புள் கிளிப், வைட்டமின் கே என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டுவிடுவோம். ரவுண்ட்ஸுக்கு டாக்டரம்மா வரும்போது கட்டம் காலியாக இருந்தால் திட்டு விழும். எழுதிவிட்டு அப்புறம் செய்வோம். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் செய்தேன், எழுதியதைச் செய்யாமல் விட்டதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஊசியில் மருந்தை ஏற்றி டிரேயில் வைத்தாயிற்று. அவன் தொடையைத் துடைக்கப் பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது வராந்தாவில் அப்பா பேசுவது கேட்டது. பாஸ்டரம்மா கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றார்கள். "சேனை நீங்களே வைங்கம்மா. எங்க எப்சி இருக்கா, ஆனா கல்யாணம் ஆகாதவ, அவ ராசி குழந்தைக்கு வேணாம்" என்றார் அப்பா. என்னைப் பெற்றவர். தணிந்த குரலில்கூடச் சொல்லவில்லை.

சேனையின் முதல் துளியை யார் நாக்கில் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதெல்லாம் சும்மா, பச்சைக் குழந்தைக்குத் தேன் கூடாது, விஷமாகக்கூட ஆகும் என்று எத்தனை தாய்மார்களை நான் திட்டியிருக்கிறேன் தெரியுமா? அதே நான் பஞ்சைப் போட்டுவிட்டு, பைக்குள் ஒளித்து வைத்திருந்த தேன் பாட்டிலை எடுத்து, அவர்கள் உள்ளே வருவதற்கு முன்னால் விரலால் வைத்துவிட்டேன். ஆமாம், அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். உன் வயிற்றில் அவன் இருந்த ஒன்பது மாசமும் அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன் ஜெரூஷா. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவன் சப்புக்கொட்டினான். எனக்கு உலகமே மறந்துபோயிற்று.

அப்பா வந்தார், ஜெபம் பண்ணினார். போட்டோ எடுத்தார்கள். அடுத்த அறையில் இன்னொரு தாய்க்கு வலி முற்றி பெல் அடித்தார்கள், ஓடினேன். மத்தியானம் ஆயா டிரேயைக் கழுவ எடுத்தபோது மூடி திறக்காத ஊசி ஒன்று கிடந்தது. "சிஸ்டர், இது யார்து?" என்று கேட்டாள். "தூக்கிப் போடு" என்றேன். யாருடையது என்று ஒரு விநாடி நினைத்திருந்தால் போதும்.

வியாழக்கிழமை உனக்கு எழுதியபோது சத்தியமாக எனக்கு இது ஞாபகம் இல்லை. சனிக்கிழமை ஜெராக்ஸ் கடையில் அந்தத் தாள் மிஷினிலிருந்து வெளியே வரும்போது ஆயா அன்றைக்குக் கேட்டது காதில் விழுந்தது. தெரிந்துகொண்டேதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். கனகவல்லி குழாயடியில் நின்றதையும் தெரிந்துகொண்டேதான் எழுதினேன்.

எப்சி

*

18.9.24

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கழிவறைக்குள் போய்ப் படித்தேன், இங்கே கதவு உள்ள இடம் அது ஒன்றுதான்.

இதற்கு முன்னால் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்விகள் உங்களுக்குத் தெரியாது. தூக்கத்தில் அவன் மேல் கை போட்டேனா? பால் கொடுத்துத் தட்டும்போது பலமாகத் தட்டினேனா? என் பாலில்தான் ஏதோ குறையா? எட்டு நாளாக என் கையை நானே சந்தேகப்பட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் நான்கு நாள் உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு எனக்கு மீன் குழம்பு அனுப்பினீர்கள்.

உங்கள் அப்பா சொன்னது கேவலம். அதற்கு என் பிள்ளையா பதில் சொல்ல வேண்டும்?

இந்தக் கடிதத்தை டாக்டரிடம் நானே காட்டியிருக்கலாம். காட்ட மாட்டேன். நாத்தனார் மேல் கோபத்தில் மருமகள் கொண்டுவந்த காகிதம் என்று ஆகிவிடும், நாளைக்கு நீங்களும் "நான் அப்படி எழுதவில்லை" என்பீர்கள். நீங்கள் வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவனை ஈரல் பரிசோதனைக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் வந்து உங்கள் வாயால் டாக்டரிடம் சொல்லி, உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். நீங்கள் வரவில்லை என்றால் உங்கள் பொய்க்காக என் பிள்ளை இன்னொரு ஊசி தாங்குவான்.

உங்கள் தம்பியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதுவும் உங்கள் வேலை.

சாப்பாடு அனுப்பாதீர்கள்.

ஜெ.

*

ஆஸ்பத்திரி வாசல், பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்
19 செப்டம்பர், வியாழன்

ஜெரூஷா,

வந்துவிட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டேன். உன் வார்டு வாசல் வரை வந்து கண்ணாடி வழியாக உன் முதுகைப் பார்த்தேன், கூப்பிடத் தைரியம் வரவில்லை. இதை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நேராக வந்தேன் என்று நினைக்காதே. நேற்று சாயங்காலம் முதலில் எங்கள் டாக்டர் சாவித்ரி அம்மாவிடம்தான் போனேன். உள்ளுக்குள், போகாதே என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தது. சொன்னார்கள். "எப்சி, பேப்பர்ல இருக்கறதுதான் நடந்தது. வாயைத் திறந்தா உன் ரிஜிஸ்ட்ரேஷன் போகும், என் நர்சிங் ஹோமும் போகும். குழந்தைக்கு இப்ப வைட்டமின் கே குடுத்தாச்சு, ஆபரேஷனும் ஆச்சு. இனிமே சொல்லி யாருக்கு என்ன லாபம்?" என்றார்கள். நல்ல கேள்வி என்றே எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன், நீ சாப்பாடு வேண்டாம் என்றது ஞாபகம் வந்து அப்படியே வைத்துவிட்டேன். ஈரலுக்குள் போகும் ஊசி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், நீ பார்த்திருக்க மாட்டாய். அதற்கப்புறம் அந்தக் கேள்வி என்னிடம் நிற்கவில்லை.

ஜெஃப்ரியிடம் ரயிலில் சொன்னேன். குரோம்பேட்டை தாண்டியதும் ஆரம்பித்தேன், பல்லாவரம் வருவதற்குள் முடித்துவிட்டேன். அவன் எழுந்து கதவோரம் போய் நின்றான். பல்லாவரத்தில் இறங்கினான். ரயில் கிளம்பியபோது பிளாட்பாரத்தில் நின்று என்னை யாரோ மாதிரி பார்த்தான். இருமல் வந்தால்கூட என் மேல்தான் வந்து சாய்வான் அவன்.

டாக்டர் ஸ்ரீரங்கன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஈரல் பரிசோதனையை அந்த இடத்திலேயே ரத்து செய்தார். வைட்டமின் கே கொடுத்து ஆறு மணி நேரத்தில் ரத்தம் சரியானதும் ஊசி போடாததும் இப்போது ஒன்றோடொன்று பொருந்துகிறது, வேறு நோய் தேட வேண்டாம் என்றார். அடிபட்ட கேஸ் இல்லை என்று அவுட்போஸ்ட்டுக்கும் போன் பண்ணிச் சொன்னார். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் ஐந்து நாளாகப் பூட்டி வைத்திருந்தேன்.

நான் எழுந்தபோது, "இப்படி முன்கூட்டியே எழுதி வெச்சு இன்னும் எத்தனை குழந்தைக்கு விட்டுப்போச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

எப்சி

*

தாம்பரம்
21 செப்டம்பர், சனி

ஜெரூஷா,

ஜெஃப்ரி உன்னோடு அங்கேயே தங்கிவிட்டான். இதைக் கொண்டுவருபவள் யார் என்று பார்த்தாயா? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைப் பார்க்க வருகிறேன் என்று கனகவல்லியே சொன்னாள். கடிதம் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "குடு, காயிதம் இன்னா கனமா" என்றாள்.

அவளைப் பார்க்க நேற்று சாயங்காலம் போனேன். வீட்டுக்குள் கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா?" என்றாள்.

"உன் தம்பி என்னை எங்க நிக்க வெச்சு கத்திச்சு? குழாயாண்ட. ஊரே கேட்டுகினு நின்னிச்சு. நீ இன்னான்னா வூட்டுக்குள்ளாற வந்து என் காதுல சொல்ற. என் காதுக்கு ஏற்கெனவே தெரியுமே நான் ஒண்ணும் பண்ணலன்னு. நாளிக்கு ஆறு மணிக்குத் தண்ணி வரும். அப்ப வந்து சொல்லு."

இன்று காலை ஆறு மணிக்குப் போனேன். யூனிஃபார்மோடு போனேன், வேலைக்குப் போகிற சாக்கில் அல்ல, எங்கள் நர்சிங் ஹோமில் பிள்ளை பெற்ற நாலைந்து பேராவது அந்த வரிசையில் இருப்பார்கள், நான் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். குடங்களுக்கு நடுவே நின்று, போட வேண்டிய ஊசியை நான் போடவில்லை, கனகவல்லி மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். "கேக்கல சிஸ்டர்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். மறுபடி உரக்கச் சொன்னேன். ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு முன்னால் வந்து, "என் புள்ளைக்குப் போட்டீங்களா?" என்று கேட்டாள். ஜூலையில் பிறந்த பிள்ளை. பிறந்த தேதியைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக சாவித்ரி அம்மாவிடம் போனேன். டாக்டர் ஸ்ரீரங்கன் அவர்களுக்கும் போன் பண்ணியிருக்கிறார். என்னை வேலையிலிருந்து நிறுத்திய தாளை மேஜை மேல் வைத்திருந்தார்கள், வாங்கிக்கொண்டேன். நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதப்போகிறார்களாம். பிரசவ ரெஜிஸ்டரைக் கொடுங்கள் என்றேன். திட்டினார்கள். பிறகு அவர்களே எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். மூன்று மாசத்துக்குள் பிறந்த குழந்தைகள் நாற்பத்தொன்று. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகப் போன் பண்ணுகிறோம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையைக் கொண்டுவாருங்கள், ஒரு ஊசி போட வேண்டும் என்று. இதுவரை இருபத்தாறு பேர் போனை எடுத்தார்கள். ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது, அந்த வீட்டைத் தேடிக்கொண்டு இப்போது போகிறேன்.

அப்பாவோடு நான் பேசுவதில்லை. அவர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

அவன் கண் திறந்தானா?

எப்சி

*

வார்டு 3
22.9.24, ஞாயிறு

எப்சி அக்காவுக்கு,

கனகவல்லி அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பதிலைக் கொடுத்தால்தான் கிளம்புவேன் என்கிறார். அவன் தலைக்கட்டைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இன்னாடா ராசா, மொட்ட அட்ச்சிட்டாங்களா? வளந்துடும், வளந்துடும்" என்றார். ஜெஃப்ரி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ வாங்கப் போனவர் ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை.

கண் திறந்தான், வெள்ளிக்கிழமை. அதே எட்டு மணி இருக்கும். என்னைப் பார்த்தானா, விளக்கைப் பார்த்தானா என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து வாயில் பால் குடிக்கிறான். வலிப்பு மூன்று நாளாக இல்லை. வலது கை மட்டும் மற்றதைப் போல மூடித் திறப்பதில்லை. பார்வை, காது எல்லாம் இனிமேல்தான் சோதிக்க வேண்டும். "சில குழந்தைங்க முழுசா தேறிடும், சிலது தேறாது, மாசா மாசம் பார்த்துத்தான் சொல்லணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

குழாயடியில் நீங்கள் சொன்னதைக் கனகவல்லி அம்மா எனக்கு நடித்தே காட்டினார். நின்றுபோன மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். மூன்றாவது வீட்டுக்கு இவர் போகப்போவதில்லையாம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இனி எந்தக் கடிதத்திலும் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதாதீர்கள், அது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, வராமலும் போகலாம்.

ஆனால் புதன்கிழமை டிஸ்சார்ஜ். வீட்டில் வலிப்பு திரும்ப வரலாம் என்கிறார்கள். பெரியவர்களுக்கு வருவது போல உதறாதாம், வாயைச் சப்புவது, கண் ஒரே இடத்தில் நிற்பது, மூச்சு ஒரு கணம் நிற்பது, அவ்வளவுதான் இருக்குமாம். காலையும் மாலையும் மருந்து சொட்டுக்கணக்கில் கொடுக்க வேண்டும். நான் தூங்கும்போது பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். நம் வீட்டில் அதைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கக்கூடியவர் யார் என்று இரண்டு நாளாக யோசித்தேன். எனக்குப் பிடிக்காத பதில்தான் வந்தது.

நீங்கள் இருக்கும் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார் ஜெஃப்ரி. வர வேண்டியது குழந்தை, அவர் வருவது அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். மாமாவிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள்: என் பிள்ளை இருக்கும் அறையில் யாரும் யாருடைய ராசியைப் பற்றியும் பேசக் கூடாது.

அந்த நாற்பத்தொரு பேரும் வந்து முடித்ததும் ராத்திரியில் அவன் பக்கத்தில் விழித்திருக்க வாருங்கள். முடியவில்லை என்றால் பகலில் அவர்களைப் பாருங்கள், பகலில் நான் விழித்திருப்பேன்.

அவனுக்கு உங்களை அத்தை என்று சொல்லிக்கொடுப்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள். முதலில் அவன் பேசட்டும்.

ஜெரூஷா